பட்டா பார்க்காமல் போன தவணை: 2020-ல் வட மாவட்டங்களில் நடந்த கிசான் நிதி முறைகேடு, ஒரு நிகழ்வு ஆய்வு

2020 செப்டம்பரில் அன்றைய வேளாண்மைத் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி செய்தியாளர்களைச் சந்தித்தபோது இரண்டு எண்கள் வெளிவந்தன. பிரதமரின் உழவர் நிதித் திட்டத்தில், அதாவது ஊர்ப்பக்கம் எல்லோரும் 'கிசான் பணம்' என்று சொல்லும் திட்டத்தில், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 5.5 லட்சம் பேர் தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டிருந்தனர். அவர்களுடைய கணக்குகளுக்குப் போன தொகை சுமார் 110 கோடி ரூபாய். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் ஆகிய மூன்று மாவட்டங்களின் பெயர்கள் தொடக்கத்திலேயே அடிபட்டன. பின்னர் 13 மாவட்டங்களில் வழக்குகள் பதிவாயின. பேச்செல்லாம் 110 கோடியைச் சுற்றியே நடந்தது. ஆனால் நடந்தது என்ன என்று அறிய விரும்புகிறவர் முதலில் அந்த இரண்டு எண்களையும் வகுத்துப் பார்க்க வேண்டும். தலைக்கு 2,000 ரூபாய் வருகிறது. அது இத்திட்டத்தின் ஒரே ஒரு தவணை.

எனவே இது நாலைந்து பேர் கோடிகளைச் சுருட்டிக்கொண்டு ஓடிய வழக்கு அன்று. லட்சக்கணக்கான எளிய மனிதர்களின் ஆதார் அட்டையும் வங்கிக் கணக்குப் புத்தகமும் கைமாறி, ஒவ்வொருவர் கணக்கிலும் ஒரு தவணை விழுந்து, அதில் ஒரு பங்கு இடைத்தரகர் கைக்குப் போன வழக்கு. நிலம் வைத்திருப்பவருக்கு என்று ஒதுக்கப்பட்ட பணம், நிலம் இருக்கிறதா என்று ஒருவர்கூடப் பார்க்காமல் எப்படிச் சென்று சேர்ந்தது என்பதே இதில் விடை காண வேண்டிய கேள்வி என்று நான் கருதுகிறேன். கடவுச்சொல் திருட்டு அந்த விடையின் ஒரு பகுதிதான்.

நிபந்தனைகள் என்ன சொல்லின

2019 பிப்ரவரி 1 அன்று இடைக்கால நிதிநிலை அறிக்கையில் இத்திட்டம் அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 24-ஆம் தேதி கோரக்பூரில் பிரதமர் அதைத் தொடங்கி வைத்தார். கணக்கு மட்டும் 2018 டிசம்பர் 1 முதல் வைக்கப்பட்டது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒரு முறை 2,000 ரூபாயாக, மூன்று தவணைகளில் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும். முதலில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும் என்று இருந்தது, 2019 ஜூன் மாதத்தில் நிலமுள்ள எல்லா விவசாயக் குடும்பங்களுக்கும் என்று விரிந்தது. வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர்கள், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுவோர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் முதலியோர் விலக்கப்பட்டனர். 2019 பிப்ரவரி 1 அன்று நிலம் யார் பெயரில் இருந்ததோ அவரே தகுதியுடையவர். அதற்குப் பிறகு விலைக்கு வாங்கியவருக்கு இல்லை, வாரிசாகப் பெற்றவருக்கு உண்டு.

குத்தகைக்கு உழுகிறவரும் கூலிக்கு நாற்று நடுகிறவரும் இந்த வரையறைக்குள் வரவில்லை. இதைத் திட்டத்தின் சிறு குறையாகக் கடந்து போய்விட முடியாது. பின்னால் நடந்தவற்றோடு அதற்கு நேரடித் தொடர்பு உண்டு.

பணம் முழுவதும் மத்திய அரசுடையது. தகுதியானவரைக் கண்டறியும் பொறுப்பு முழுவதும் மாநில அரசுடையது. ஆண்டுதோறும் பயனாளிகளில் 5 விழுக்காட்டினரை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்றும் வழிகாட்டு நெறிமுறை சொன்னது. கொடுப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று அமையும்போது, சரிபார்ப்பவருக்கு ஒரு பெயரைச் சேர்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை, சேர்க்காமல் விட்டால் கெட்ட பெயர் உண்டு. எந்த மாநிலத்தில் யார் ஆட்சியில் இருந்தாலும் இந்த அமைப்பு சரிபார்ப்பைத் தளர்த்தும் திசையிலேயே தள்ளும்.

வழி மாறிய இடம்

2019 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விண்ணப்பித்தவர்களுக்கு அன்றைய முறை நினைவிருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா நகல், குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களைக் கொடுக்க வேண்டும். அவர் தம்மிடமுள்ள பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அந்த முறையில் காலதாமதமும் சாதிச் சார்பும் கையூட்டும் நுழைய இடம் இருந்தது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சர்வே எண் யாருடையது, யார் மணிலா (நிலக்கடலை) விதைத்திருக்கிறார், யார் நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார் என்பது வி.ஏ.ஓ.வுக்குத் தெரியாவிட்டாலும் தலையாரிக்குத் தெரியும். ஊரில் ஒரு காணிகூட இல்லாத ஆயிரம் பேரை அந்த மேசையைத் தாண்டி விவசாயியாக்குவது எளிதன்று.

பிறகு, விவசாயி தாமே இணையதளத்தில் பதிவு செய்துகொள்ளலாம், பொதுச் சேவை மையங்கள் வழியாகவும் பதியலாம் என்ற வழி திறக்கப்பட்டது. விடுபட்ட உண்மையான விவசாயிகளை விரைவாகச் சேர்ப்பதே அதன் நோக்கம். அந்த நோக்கத்தில் குற்றம் காண முடியாது. பதிவு செய்தவரின் பெயரும் ஆதாரும் பொருந்துகின்றனவா, வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்பதைக் கணினி தானாகவே சரிபார்த்தது. நில விவரத்துக்கும் கட்டங்கள் இருந்தன. அவற்றில் நிரப்பிய சர்வே எண்ணும் பரப்பும் உண்மையா என்பதை அது பார்க்கவில்லை. அதை மாநில அலுவலர்தான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். அந்த ஒப்புதல் அவருடைய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொண்டு சில சொடுக்குகளில் முடிந்துவிடும். தமிழ்நாட்டின் நிலப் பதிவேடுகள் அப்போதே கணினியில் ஏறியிருந்தன. பட்டா எண்ணை இட்டால் எவரும் வீட்டிலிருந்தே சிட்டாவைப் பார்க்கலாம். அந்தத் தரவும் இந்த ஒப்புதலும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே கிடந்தன.

மாவட்ட, வட்டார அளவிலான வேளாண் அலுவலகங்களில் ஒருவர் செய்ய வேண்டிய ஒப்புதல் ஒரு நாளில் நூற்றுக்கணக்கில் குவியும்போது என்ன நடக்கும் என்பது அரசு அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒப்பந்த அடிப்படையில் அமர்த்தப்பட்ட கணினி இயக்குபவரிடம் கடவுச்சொல் போகும். அவரிடமிருந்து அது தெருமுனைக் கணினி மையத்துக்குப் போவதைத் தடுக்க ஒன்றுமில்லை. அலுவலர்களின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தவறாகப் பயன்படுத்தப்பட்டே தகுதியற்றவர்கள் சேர்க்கப்பட்டார்கள் என்று மத்திய வேளாண் அமைச்சகமும் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கடவுச்சொல்லைக் காக்கும் பொறுப்பில் இருந்த வட்டார அலுவலர்கள் 3 பேரும் உதவி வேளாண் அலுவலர்கள் 5 பேரும் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். 34 அலுவலர்கள்மீது துறை நடவடிக்கை தொடங்கியது. ஒப்பந்தப் பணியாளர்கள் பலர் வேலையிழந்தனர். விசாரணை சி.பி.சி.ஐ.டி.யிடம் போனது. 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட விவரத்தின்படி 52 பேர் கைதாகியிருந்தனர்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில்தான் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. ஓராண்டுகூட நிறையாத மாவட்ட நிர்வாகத்தின்மீது கொரோனாப் பணியும் இந்தப் பதிவுச் சுமையும் ஒன்றாக விழுந்தன. அது மன்னிப்புக்குக் காரணமாகாது, சூழலைச் சொல்கிறேன்.

ஊரடங்கு மாதங்கள்

2020 மார்ச் 26 அன்று மத்திய நிதியமைச்சர் அறிவித்த நிவாரணத் தொகுப்பில், கிசான் திட்டத்தின் 2,000 ரூபாய் தவணை ஏப்ரல் முதல் வாரத்திலேயே வழங்கப்படும் என்பதும் ஒன்று. மாநில அரசு அரிசி குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. மகளிர் ஜன்தன் கணக்குகளில் மூன்று மாதங்களுக்கு 500 ரூபாய் வீதம் விழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019 பிப்ரவரியில், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள சுமார் 60 லட்சம் குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் சிறப்பு உதவி என்று தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்திருந்ததும் மக்கள் மனத்தில் இருந்தது. ஆக, அரசு 2,000 ரூபாய் போடுகிறது, அதற்கு ஆதாரும் பாஸ்புக்கும் போதும் என்று ஒருவர் வீட்டு வாசலில் வந்து சொன்னால், கரும்பு வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போக வழியில்லாமல் வீட்டில் முடங்கியிருந்த ஒரு பெண் அதை நம்பாமல் இருக்க என்ன காரணம் இருந்தது? பலரும் அதைக் கொரோனா நிவாரணம் என்றே எண்ணினார்கள்.

எங்கள் பகுதியில் அப்படிக் கொடுத்த ஒருவரின் கணக்குப் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன். அறுபதைத் தாண்டிய அம்மா. ஆளில்லாத நேரத்தில் வரப்போரம் மாடு மேய்ப்பவர். புத்தகத்தின் அந்தப் பக்கத்தில் நூறு நாள் வேலைக் கூலி வரிசையாக வந்திருந்தது. நடுவில் ஒரே ஒரு வரியில் கிசான் என்ற பெயரோடு 2,000 வரவு. அடுத்த வரியிலேயே 2,000 எடுப்பு. "பதிஞ்சு குடுத்த பையன் ஐந்நூறு எடுத்துக்கிட்டான், மிச்சத்துல மாத்திரை வாங்கினேன்" என்று அவர் சொன்னார். படிவத்தில் தமக்கு எவ்வளவு நிலம் இருப்பதாக எழுதப்பட்டிருந்தது என்று கேட்டேன். நிலம் என்ற சொல்லே அப்போது யார் வாயிலிருந்தும் வரவில்லை என்றார்.

பட்டியலில் இருந்த எல்லோருமே இப்படிப்பட்டவர்கள் என்று வாதிட நான் வரவில்லை. தெரிந்தே சேர்ந்தவர்களும், ஒரு குடும்பத்தில் நான்கு பெயரைச் சேர்த்தவர்களும் உண்டு. ஆனால் மத்திய அமைச்சர் மாநிலங்களவையில் தந்த கணக்கைப் பாருங்கள்: ஐயத்துக்கிடமான 5.95 லட்சம் கணக்குகளை ஆய்வு செய்ததில் 5.38 லட்சம் பேர் தகுதியற்றவர்கள். பத்துக்கு ஒன்பது. தனித்தனி ஆட்கள் தாமாக யோசித்து ஏமாற்றினால் இப்படி ஒரு விகிதம் வராது. ஊர் ஊராகப் புத்தகங்களை வாரிக்கொண்டு போய் ஒரே மூச்சில் ஏற்றினால்தான் வரும்.

நாடு முழுவதும் வெளிவந்த தகவல்களோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலங்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2021 தொடக்கத்தில் கிடைத்த விவரத்தின்படி, 2020 ஜூலை வரை நாட்டில் 20.48 லட்சம் தகுதியற்றோருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருந்தது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வருமான வரி செலுத்துகிறவர்கள். அவர்கள் வசதியால் தகுதி இழந்தவர்கள். எங்கள் மாவட்டங்களில் பிடிபட்டவர்களில் பலருக்கோ பட்டா இல்லை என்பதே தகுதியின்மை. இருவரையும் 'தகுதியற்ற பயனாளி' என்ற ஒரே சொல்லால் அரசு அழைத்தது.

திரும்பப் பெற்ற விதம்

தொகையைத் திரும்பப் பெறுவதில் அரசு காட்டிய வேகம், சேர்க்கும்போது காட்டியிருக்க வேண்டிய வேகம். 2020 செப்டம்பர் முதல் பாதியில் 32 கோடி ரூபாய் மீட்கப்பட்டது என்றார்கள். சில நாள்களில் அது 61 கோடி ஆனது. வங்கிக் கணக்குகளில் இருந்த பணத்தைப் பிடித்தும், பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றும் இது நடந்தது. பொதுப்பணம் திரும்பி வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மேலே சொன்ன அந்த அம்மாவிடமிருந்து 2,000 ரூபாயும் முழுதாகப் பெறப்பட்டது. அவர் கையில் நின்றது 1,500. அந்த 500 ரூபாயை எடுத்துக்கொண்டவரிடமிருந்து அதைப் பெற்று இவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. நூறு நாள் வேலைக் கூலி விழும் கணக்கும் அதுவேதான் என்பதால், கணக்கை முடக்கிய நாள்களில் கூலியையும் எடுக்க முடியாமல் அவர் மூன்று முறை வங்கிக்கு நடந்தார்.

2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் தரப்பட்ட மாநிலவாரிக் கணக்கு வேறொரு செய்தியையும் சொல்கிறது. வருமான வரி செலுத்துவோர் உட்பட எல்லா வகையினரையும் சேர்த்து, நாடு முழுவதும் 42.16 லட்சம் தகுதியற்றோருக்கு 2,992 கோடி ரூபாய் போயிருந்தது. எண்ணிக்கையில் அசாம் முதலிடம், 8.35 லட்சம் பேர், 554 கோடி. தமிழ்நாட்டில் 7.22 லட்சம் பேர், 340.56 கோடி. பஞ்சாபில் 5.62 லட்சம் பேர், 437 கோடி. தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் பஞ்சாபில் 7,700 ரூபாய்க்கு மேல், அசாமில் 6,600 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் 4,700 ரூபாய் அளவு. அதாவது இங்கே ஆள் எண்ணிக்கை பெரிது, ஆனால் இரண்டு மூன்று தவணைகளுக்குள் பிடிபட்டது. முறைகேட்டை மறைக்காமல் வெளியே சொல்லி, வழக்கும் பதிந்த அலுவலர்களுக்கு இதில் உரிய பங்கைக் கொடுக்க வேண்டும்.

பட்டா யாருக்கு எளிது

நிலமே இல்லாதவர் நொடியில் விவசாயியான அதே காலத்தில், நாற்பது ஆண்டுகளாக உழுதுவரும் என் பெரியப்பா தம்மை விவசாயி என்று நிறுவ முடியாமல் இருந்தார். அவர் உழும் 1.20 ஏக்கர் தாத்தா பெயரில் இருந்த கூட்டுப் பட்டாவில் கிடந்தது. தாத்தா இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெயர் மாற்ற வாரிசுச் சான்று வேண்டும்; வாரிசுகளில் ஒரு அத்தை இறந்துபோனதால் அவர் பிள்ளைகளின் கையெழுத்து வேண்டும்; ஒருவர் திருப்பூரில், ஒருவர் கேரளத்தில். உட்பிரிவு செய்ய நில அளவர் வந்து கல் நட வேண்டும். "நெலம் இருக்குதுன்னு எல்லாருக்கும் தெரியும், காயிதத்துக்கு மட்டும் தெரியாது" என்று அவர் ஒருநாள் அலுவலகப் படியில் உட்கார்ந்து சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. முதல் தவணை அவருக்கு வருவதற்குள் திட்டம் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 79.38 லட்சம் நில உடைமைகள் உள்ளன. சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர், பத்தில் ஒன்பதுக்கு மேல் சிறு, குறு உடைமைகள். இவ்வளவு துண்டுபட்ட நிலத்தில் பெயர் மாற்றமும் உட்பிரிவும் எப்போதும் பின்தங்கியே இருக்கும். மகள்களின் பெயரும் மனைவியின் பெயரும் பட்டாவில் ஏறுவது இன்னும் அரிது. குத்தகைதாரரின் நிலை இதனினும் மோசம். அவர்களுடைய உரிமையைப் பதிவு செய்ய 1969-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் வந்தது. ஆனால் பெரும்பாலான குத்தகை வாய்ச்சொல்லிலும் நெல் மூட்டைக் கணக்கிலும் நடப்பதால், பதிவு கேட்டால் நிலம் கைவிட்டுப் போகும் என்ற அச்சத்தில் கேட்பவர் குறைவு.

பிற மாநிலங்கள் வேறு வழிகளை முயன்றன. ஒடிசாவின் காலியா திட்டம் நிலமற்ற வேளாண் குடும்பங்களுக்கு 12,500 ரூபாய் வாழ்வாதார உதவி என்று தனிப் பிரிவே வைத்தது. ஆந்திரம் 2019 அக்டோபரில் தொடங்கிய ரைத்து பரோசா என்ற உழவர் உதவித் திட்டத்தில், மத்திய அரசின் பணம் கிடைக்காத குத்தகை விவசாயிகளில் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினருக்கு 13,500 ரூபாயை மாநிலமே கொடுத்தது. காலியாவிலும் தகுதியற்றோர் நுழைந்தார்கள்; எனவே வரையறையை விரித்தால் முறைகேடு ஒழியும் என்று நான் சொல்லவில்லை. நிலமற்றவருக்கு என்று ஒரு வாசல் இருந்தால், அவரைப் பொய்யான சர்வே எண்ணின் வழியாக உள்ளே தள்ளும் தரகருக்குச் சந்தை சுருங்கும் என்பதே என் வாதம். தமிழ்நாட்டுக்கு இது புதிய எண்ணமும் அன்று. முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளோடு விவசாயத் தொழிலாளர்களுக்கும் அட்டை உண்டு. வருவாய்த் துறை அதை நடத்துகிறது. நிலமற்ற உழைப்பாளியை அடையாளம் காணும் பதிவேடு இங்கே கையருகே இருந்தது.

முறைகேட்டுக்குப் பிறகு பூட்டுகள் கூடின. 2022 முதல் ஆதார் வழி மின்னணுச் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. நில ஆவணங்களைப் பயனாளியோடு இணைப்பது கட்டாயமாயிற்று. இப்போது விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண்ணும் கேட்கிறார்கள். பட்டா இல்லாமல் இனி ஒரு பெயர் நுழைவது கடினம். கைரேகை தேய்ந்துபோன முதியவரும், வாரிசுப் பெயர் மாறாத குடும்பமும் அதே பூட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். தகுதியற்றவரை நீக்கிய எண்ணிக்கையை வெளியிடும் அரசு, தகுதியிருந்தும் விடுபட்டவரின் எண்ணிக்கையையும் ஊர்வாரியாக வெளியிட வேண்டும் என்று நான் வலியுறுத்துகிறேன்.

பெரியப்பாவுக்கு இப்போது முழங்கால் வலி. இரண்டு ஆண்டுகளாக அந்த 1.20 ஏக்கரை எங்கள் தெருக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறார். உளுந்து விதைப்பதும், உரத்துக்குக் கடன் வாங்குவதும், மழையில் காய் நனைந்தால் இழப்பைச் சுமப்பதும் அந்தக் குத்தகைக்காரர்தான். சென்ற முறை சரிபார்ப்பு முடியவில்லை என்று கைபேசிக்குச் செய்தி வந்தபோது, பெரியப்பாவைத் தம் வண்டியின் பின்னால் உட்கார வைத்து இ-சேவை மையத்துக்கு அழைத்துப் போனதும் அவரே. விரலைத் துடைத்துத் துடைத்து நான்காம் முறை வைத்தபோது கருவி ஏற்றுக்கொண்டது. வெளியே வரும்போது, "நீயும் ஒண்ணு எழுதிப் போடேன்பா" என்று பெரியப்பா கேட்டாராம். "எனக்கு என்ன நம்பர் போடுவாங்கண்ணே?" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார்.